மூலநோய் அறுவை சிகிச்சை: குறைந்த வலி மட்டும் போதுமா?

மூலநோயைப் பற்றி வாய்திறக்கவே நம்மில் பலர் கூசுகின்றனர். ஆனால் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள், தமக்கிருந்த இந்நோயின் காரணமாக எவ்வாறு தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடமே வினவினார்கள். நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு விடை கிடைத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அந்தத் தெளிவு மருத்துவரின் முன்னிலையிலும் நமக்கு வேண்டும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. தொடக்க நிலையில் நார்ச்சத்துள்ள உணவும் தண்ணீருமே பெரும்பாலும் போதும். அடுத்த நிலையில் ரப்பர் வளையம் இடலாம். வெளித்தள்ளிய மூலத்தைக் கையால் உள்ளே தள்ளவேண்டிய நிலை வந்தால்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை குறித்த பேச்சு எழுகிறது.

அதில் இரு முறைகள் முக்கியமானவை. லண்டனில் மில்லிகனும் மோர்கனும் 1937இல் விவரித்தது, மூலத்தையே வெட்டி அகற்றும் முறை. இத்தாலியின் லோங்கோ 1998இல் அறிமுகப்படுத்திய ஸ்டேப்லர் முறையில், வலியுணர்வு குறைந்த மேற்பகுதியில் சவ்வு வளையம் ஒன்று நீக்கப்பட்டு, மூலம் மேலே இழுத்து நிறுத்தப்படுகிறது. எனவே தொடக்கத்தில் வலி குறைவு.

எனினும் பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 777 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு, 2016இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு வேறொரு செய்தியைச் சொல்கிறது. முதல் சில வாரங்களில் ஸ்டேப்லர் முறையே இதமாக இருந்தது. இரண்டாண்டுகளைக் கணக்கிட்டபோதோ, பழைய முறையில் நோய் திரும்புவதும் மறுசிகிச்சையும் குறைவு, வாழ்க்கைத் தரமும் மேல், செலவும் குறைவு.

ஆகவே, "நவீனம், வலியில்லை" என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது முறையன்று என்பதே என் கருத்து. "நோய் திரும்ப வாய்ப்பு எவ்வளவு? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? என்னென்ன பின்விளைவுகள் வரலாம்?" என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. சில வாரங்கள் வலியைப் பொறுக்க இயலாத நிலையில் உள்ளவர், விளைவுகளை அறிந்தே ஸ்டேப்லர் முறையைத் தேர்ந்தால் அதுவும் தவறன்று.

வெட்டி அகற்றியபின் புண் ஆறச் சில வாரங்கள் ஆகும். முதல் மலங்கழிப்பு வேதனை தரும். வெதுவெதுப்பான நீரில் அமர்தல், மருத்துவர் தரும் வலிநிவாரணி, மலமிளக்கி ஆகியவை துணைபுரியும். அந்நாள்களில் ஓய்வுக்கு இடமளிப்பது குடும்பத்தாரின் கடமை. குறிப்பாக, நம் வீட்டுப் பெண்கள் இந்நோயை மறைத்துக்கொண்டே அடுப்படியில் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று: மலத்தில் இரத்தம் கண்டால் அது மூலம்தான் என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. குடற்புற்றும் அவ்வாறே வெளிப்படலாம். முதலில் பரிசோதனை, பிறகே சிகிச்சை.