ஆட்டம் முடிந்தால்தான் ஓய்வு



'விளையாட்டு வினையாகும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே வீட்டில் இந்தப் பழமொழிதான் முதலில் வந்து நிற்கிறது. பிள்ளையின் படிப்பு கெடும், கண் கெடும், காசு கரையும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்யப் போவதில்லை. ஆனால், எல்லா ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுப்பதும் நியாயமாகாது. களைப்பைப் போக்கும் ஆட்டம் எது, களைப்பைக் கூட்டிக் காசையும் கறக்கும் ஆட்டம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்து கொண்டால் பாதி அச்சம் தீர்ந்து விடும்.

நான் இருப்பது உட்லண்ட்ஸ். இந்த ஊரைப் பற்றி உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர், விடியற்காலை இருட்டிலேயே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக் கடற்பாலத்தைக் கடந்து இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். இரவில் அதே பாலத்தில் வரிசை பிடித்துத் திரும்புகிறார்கள். அப்படி உழைத்து வருகிறவன், படுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கைப்பேசியில் ஆடினால் அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைக்கிறவனுக்கு ஓய்வு வேண்டும். அந்த அரை மணி நேரம் உண்மையிலேயே அவனுக்கு ஓய்வு தருகிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நம் பாட்டிமார் லயத்து வாசலில் உட்கார்ந்து தாயமும் பல்லாங்குழியும் ஆடியதை எண்ணிப் பாருங்கள். காய்கள் எல்லாம் பழமாகி விட்டால் தாயம் முடிந்தது. குழியில் போட முத்து இல்லையென்றால் பல்லாங்குழி முடிந்தது. தோற்றவர் சிரித்துக் கொண்டே எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கப் போவார். ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது. வீடியோ கேமுக்கும் நான் வைத்திருக்கும் முதல் சோதனை இதுதான். முடிகிற ஆட்டமா, முடியாத ஆட்டமா?

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லி விடுகிறேன். தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் பெட்டி 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மேக்னவாக்ஸ் ஒடிசி என்பது அதன் பெயர். பிற்பாடு இந்தத் துறையில் கொடி கட்டிப் பறந்த ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ, 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய கடை. அங்கே வேலை பார்த்த குன்பெய் யோகோய் என்பவர், ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக் கொண்டிருந்ததைக் கண்டு, கைக்கு அடக்கமான ஆட்டக் கருவிகளைச் செய்ய எண்ணினாராம். 1980இல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. 1989இல் கேம் பாய் வந்தது. கேம் பாயில் வண்ணம் கிடையாது. போட்டிக்கு வந்த மற்றக் கருவிகளில் வண்ணம் இருந்தது. இருந்தும் உலகம் கேம் பாயைத்தான் வாங்கியது. விலை குறைவு, பேட்டரி நெடுநேரம் நிற்கும், கூடவே டெட்ரிஸ் என்ற அருமையான ஆட்டமும் இருந்தது. பழகிப் போன, மலிவான பொருளைக் கொண்டே புதுமை செய்யலாம் என்பது யோகோயின் கொள்கை.

அந்தக் கொள்கை சம்பளக்காரக் குடும்பத்துக்கும் பொருந்தும். புதிதாக வந்ததுதான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிப்பான். பிளேஸ்டேஷன் 5 படம் காட்டுவதில் கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி என்றால், 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் போதும் என்பது என் கருத்து. அதன் கன்ட்ரோலரை இரண்டாகப் பிரித்து, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று கொடுத்து விடலாம். 2025இல் இரண்டாம் ஸ்விட்ச் வந்து விட்டது. ஆகவே பழையதைக் கைமாற்றாக வாங்க இது நல்ல நேரம். வாங்கிய பெட்டி ஹாலில் இருக்கட்டும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஆடும் ஆட்டத்தை விட, அம்மா சமைத்துக் கொண்டே எட்டிப் பார்க்கும் ஆட்டம் எவ்வளவோ மேல்.

இனி ஆட்ட வகைகளுக்கு வருவோம். துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள் பிள்ளைகளிடம் பெரும் பேர் வாங்கியவை. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஃப்ரீ ஃபயர், விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடக் கூடியது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவர் மிஞ்சும் வரை மோதுவார்கள். பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்து விடும். நண்பர்களோடு ஆடினால் உற்சாகம் உண்டு என்பது உண்மை. ஆனால் தோற்றவனுக்கு 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று தோன்றும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் போய் விடும். அதிகாலை நாலு மணிக்கு எழ வேண்டியவனுக்கு இரவு பதினொரு மணிக்கு இது ஆகாது. விடுமுறை நாள் பகலில் ஆடட்டும்.

என் மனத்துக்குப் பிடித்தவை விவசாய ஆட்டங்கள். 'பகலெல்லாம் மரத்தடியில் பாடுபட்டு விட்டு, ராத்திரி திரையிலும் மண்வெட்டி பிடிப்பதா?' என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது! கொஞ்சம் பொறுங்கள். ஸ்டார்டியூ வேலி என்ற ஆட்டத்தை எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நாலு ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராக உழைத்துச் செய்து, 2016இல் வெளியிட்டார். கம்பெனி வேலையில் நொந்து போன ஒருவன், தாத்தா விட்டுச் சென்ற நிலத்துக்குத் திரும்பிப் பயிர் செய்கிறான். கதை அவ்வளவுதான். அங்கே பெரட்டு இல்லை. மண்டோர் இல்லை. விளைந்தது விதைத்தவனுக்கே சொந்தம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மரத்தில் பால் வெட்டிய நமக்கு, அது விளையாட்டாகவே இருந்தாலும் இனிக்காமல் போகுமா? ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் கால் மணி நேரம் கூட இல்லை. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் ஆள் களைத்து விழுந்து விடுவான். படுக்க வைத்தால்தான் அன்றைய கணக்கு பதிவாகும். 'போதும், தூங்கு' என்று சொல்லும் ஆட்டம் இது.

நம் வீட்டுப் பெண்களுக்கென்றே ஓர் ஆட்டம் உண்டு. பெயர் 'வெண்பா'. கனடாவின் டொரொண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1988ஆம் ஆண்டில் கனடாவில் குடியேறி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. வெண்பா என்ற தாய், தன் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்திருக்கிறாள். பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் கிடக்கின்றன. விடுபட்டதை நாம்தான் ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்து முடிக்க வேண்டும். அவசரப்படுத்தும் கடிகாரம் இல்லை. தவறினால் மறுபடி செய்யலாம். இடையே, பள்ளிக்குப் போன மகன் கவின் தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு நகர்ந்து போவதைத் தாய் பார்த்து நிற்கிறாள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில் இதற்குக் கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்து விடும். ஆனால் தாயும் பிள்ளையும் சேர்ந்து ஆடினால், அன்றிரவு வீட்டில் பேச்சு தொடரும்.

இப்போது இலவச ஆட்டங்கள். இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்வேன். காசு கொடுத்து ஒரு தடவை வாங்கும் ஆட்டத்தை விட, இலவசமாகக் கிடைக்கும் ஆட்டம் பல வீடுகளில் அதிகம் தின்று விடுகிறது. பழைய தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கிய கதைதான். சாமான் எடுக்கும்போது கையிலிருந்து காசு போகாது, சம்பள நாளில்தான் தெரியும். ஆட்டத்துக்குள் சட்டை, ஆயுதம், வைரம் என்று விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியையும் விற்பார்கள். காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் ஜப்பானிய 'கச்சா' இயந்திரத்தின் மறு உருவம் அது. இந்த வகையில் ஒரு முறையை ஜப்பானே 2012இல் தடுத்தது. பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. இந்த ஆட்டங்கள் முடிவதில்லை. முடிந்தால் வியாபாரம் நின்று விடுமே!

அதற்காக இலவசம் எல்லாம் மோசம் என்று தள்ளி விடாதீர்கள். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசிய எல்லை மூடப்பட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக் கொண்டவர்கள் பிள்ளை முகம் பார்க்காமல் மாதக்கணக்கில் இருந்தார்கள். தடையின்றி எல்லை திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. எங்கள் புளோக்கில் அறை எடுத்துத் தங்கியிருந்த தோட்டத்துத் தகப்பன் ஒருவர், இரவு எட்டு மணியானால் கைப்பேசியில் தன் மகளோடு லூடோ ஆடுவார். நம் தாயத்தின் உறவுக்கார ஆட்டம்தானே அது? நாலு காயும் வீடு போய்ச் சேர்ந்ததும், 'படுத்துத் தூங்கும்மா' என்று சொல்லி வைப்பார். இடையிடையே விளம்பரம் வரும், அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கும் முடிவு இருந்தது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பிள்ளையின் ஆட்டக் கணக்கில் உங்கள் வங்கி அட்டை எண்ணைப் பதிந்து வைக்காதீர்கள். 'நிறுத்து' என்று திடீரென்று பிடுங்காமல், 'இந்த ஆட்டம் முடிந்ததும் வா' என்று சொல்லிப் பாருங்கள், சண்டை குறையும். வாரம் ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள், தோற்றாலும் பரவாயில்லை. நிறுத்த முடியாமல், சாப்பாடு, படிப்பு, வேலை எல்லாம் பின்னால் போய், கெடுதல் தெரிந்தும் ஏறத்தாழ ஓர் ஆண்டாக ஆட்டமே கதியென்று கிடந்தால் அது நோய். உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் அதைத் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அடியால் தீராது, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மற்றப்படி, வேலை முடிந்து வந்த மகன் சிறிது நேரம் ஆடட்டும். என்ன ஆட்டம், எப்போது முடியும் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல முடிகிற ஆட்டமாக இருந்தால் நிம்மதியாக இருங்கள்.