மூன்று பாடம் படித்தால் முழுப் படிப்பு ஆகுமா?

2022-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி. லண்டன் மாநகரம். டவுனிங் தெரு, 10-ம் நம்பர் வீடு. பிரிட்டிஷ் பிரதமர் குடியிருக்கும் வீடு அது.

அன்று ஒரு பிரதமர் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அதே நாளில் இன்னொரு பிரதமர் உள்ளே நுழைந்தார். வெளியேறியவர் லிஸ் டிரஸ். அவர் பதவியில் இருந்தது 49 நாட்களே! உள்ளே வந்தவர் ரிஷி சுனக். இந்திய வம்சத்தில் வந்தவர்.

இந்த இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். படித்த படிப்பும் ஒன்றேதான். தத்துவம், அரசியல், பொருளாதாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கும் பி.ஏ. ஆனர்ஸ் படிப்பு அது. அந்த மூன்று பாடங்களின் ஆங்கிலப் பெயர்களில் முதல் எழுத்துக்களை எடுத்து, "பி.பி.இ." என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

டிரஸ் ஏன் பதவி இழந்தார்? செப்டம்பர் 23-ந் தேதி அவருடைய அரசாங்கம் பெரிய வரிக் குறைப்பை அறிவித்தது. வரி குறைந்தால் வருமானமும் குறையுமே, அதை எப்படி ஈடு கட்டுவது? அதற்குச் சரியான கணக்கு காட்டப்படவில்லை. பவுன் நாணயத்தின் மதிப்பு சரிந்தது. அரசாங்கக் கடன் பத்திரங்களின் வட்டி ஏறியது. வீடு வாங்கக் கடன் பட்டவர்கள் கலங்கினார்கள்.

பொருளாதாரமும் படித்த ஒருவரின் ஆட்சியிலா இப்படி? இந்தக் கேள்வி எழுவது இயற்கை.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்" என்பது பழமொழி. மூன்று பாடங்களைச் சேர்த்துப் படிப்பதும் அந்தத் தச்சன் கதைதானா?

இது சீமை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவிலும் 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பல துறைப் பாடங்களைச் சேர்த்துப் படிக்க வழி செய்யச் சொல்கிறது. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பையும் சொல்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2022-ம் ஆண்டில் அப்படிப்பட்ட பாடத் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது, எதனால் நிலைத்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

படிப்பு பிறந்த கதை

ஆக்ஸ்போர்டில் நெடுங்காலமாகப் பேர் பெற்ற படிப்பு ஒன்று உண்டு. அதற்குக் "கிரேட்ஸ்" என்று பட்டப் பெயர். கிரேக்க மொழி, லத்தீன் மொழி, பழங்காலச் சரித்திரம், தத்துவம் இவையே அதன் பாடங்கள். அதைப் படித்தவர்கள் பெரிய உத்தியோகங்களுக்குப் போனார்கள். இந்தியாவை ஆள வந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளிலும் அதைப் படித்தவர்கள் உண்டு.

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் வந்தது. 1918-ல் முடிந்தது. உலகமே மாறிப் போயிற்று. தொழிலாளர் பிரச்சினை, விலைவாசி, வரி, ஓட்டுரிமை என்று புதுப் புதுக் கேள்விகள் கிளம்பின. கிரேக்கத்தையும் லத்தீனையும் மட்டும் கற்றால் இவற்றுக்கு விடை கிடைக்குமா?

1920-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஒரு புதுப் படிப்பை ஏற்படுத்தியது. அதுதான் தத்துவம், அரசியல், பொருளாதாரம் சேர்ந்த ஆனர்ஸ். அதற்கு "புதிய கிரேட்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். ஆக்ஸ்போர்டில் சேரக் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியதும் அதே ஆண்டில்தான். பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பழைய கோட்டையில் ஒரே ஆண்டில் மூன்று கதவுகள் திறந்தன!

ஒரு ரொட்டித் துண்டு

மூன்று பாடங்களை ஏன் சேர்க்க வேண்டும்? தனித்தனியே படித்தால் போதாதா? இங்கிலாந்தின் சரித்திரத்திலிருந்தே ஓர் உதாரணம் பார்க்கலாம்.

1815-ம் ஆண்டில் அங்கே ஒரு தானியச் சட்டம் வந்தது. உள்நாட்டுக் கோதுமையின் விலை "குவார்ட்டர்" என்ற அளவுக்கு 80 ஷில்லிங் ஆகும் வரை, வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடக்கூடாது என்பது சட்டம். நிலச்சுவான்தார்களுக்கு ஆதாயம். ஏழை வாங்கும் ரொட்டியோ விலை ஏறியது.

வரத்தைத் தடுத்தால் விலை ஏன் ஏறுகிறது? இதற்கு விடை சொல்வது பொருளாதாரம்.

அப்படிப்பட்ட சட்டம் 31 ஆண்டுகள் எப்படி நிலைத்தது? பார்லிமெண்டில் யாருக்குச் செல்வாக்கு? இதைச் சொல்வது அரசியல்.

சிலருடைய லாபத்துக்காகப் பலர் வயிறு காய்வது நியாயமா? இதைக் கேட்பது தத்துவம்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, பஞ்சம் தொடங்கியது. 1846-ல் பிரதமர் ராபர்ட் பீல் தானியச் சட்டத்தை ஒழித்தார். அதனால் அவருடைய சொந்தக் கட்சியே பிளந்தது. அவர் பதவியும் போயிற்று.

பொருளாதாரம் மட்டும் படித்தவருக்கு, பீல் ஏன் வீழ்ந்தார் என்பது புரியாது. அரசியல் மட்டும் படித்தவருக்கு, ரொட்டி விலை புரியாது. இரண்டும் படித்து நியாயத்தைப் பற்றி நினைக்காதவருக்கு, பசித்தவனின் முகமே தெரியாது. ஒரு ரொட்டித் துண்டுக்குள் மூன்று பாடங்கள் இருக்கின்றன. வாழ்க்கையின் பெரிய கேள்விகள் எல்லாம் இப்படித்தான்.

வாரம் ஒரு கட்டுரை

பாடங்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஆக்ஸ்போர்டு படிப்பின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது.

அங்கே மாணவனுக்கு ஒரு கேள்வி தருவார்கள். படிக்க வேண்டிய புத்தகங்களையும் சொல்வார்கள். அவன் நூல் நிலையத்தில் உட்கார்ந்து படித்து, சொந்தமாகக் கட்டுரை எழுத வேண்டும். பிறகு ஆசிரியரின் அறைக்குப் போக வேண்டும். அங்கே ஓர் ஆசிரியர். எதிரே இரண்டொரு மாணவர்கள். அவ்வளவுதான். மாணவன் தன் கட்டுரையை வாய்விட்டுப் படிப்பது பழைய வழக்கம்.

"இதை எப்படிச் சொல்கிறாய்? என்ன ஆதாரம்? மாற்றுக் கட்சிக்காரன் இப்படிக் கேட்டால் உன் பதில் என்ன?" என்று ஆசிரியர் குறுக்குக் கேள்வி போடுவார். மனப்பாடம் செய்து ஒப்பிப்பவன் அங்கே மாட்டிக்கொள்வான். இந்தச் சோதனை பட்டம் வாங்கும் வரை நடக்கும்.

முதல் ஆண்டில் மூன்று பாடங்களும் கட்டாயம். அதன் பின் ஒன்றை விட்டு, இரண்டை ஆழமாகப் படிக்கலாம். மூன்றையும் தொடர்ந்தும் படிக்கலாம். மூன்று ஆண்டு முடிவில் பெரிய பரீட்சை. ஆகவே, நுனிப்புல் மேய்ந்து தப்பிவிட முடியாது.

இந்தப் படிப்பு எல்லோரையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறதா? இல்லை. தொழிற்கட்சியின் ஹரால்டு வில்சனும் பழமைக் கட்சியின் எட்வர்டு ஹீத்தும் இதே படிப்பைப் படித்தவர்கள். 1964 முதல் 1976 வரை பிரதமர் நாற்காலியில் மாறி மாறி அமர்ந்தவர்கள் இவர்களே. படிப்பு ஒன்று, கொள்கை வேறு! பாகிஸ்தானின் பிரதமராக இருந்த பேநசீர் பூட்டோ, பர்மாவின் ஆங் சான் சூ கீ, சிறு வயதிலேயே நோபல் பரிசு பெற்ற மலாலா ஆகியோரும் இதைப் படித்தவர்களே.

பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

"ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர் என்றால் அது சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சரி" என்று சிலர் சொல்லலாம். அதற்குப் பதில் லாங்டன் என்ற ஊரில் இருக்கிறது.

லாங்டன் இங்கிலாந்தில் பீங்கான் பாத்திரங்கள் செய்யும் ஊர். அந்நாளில் சூளைப் புகை சூழ்ந்திருந்த ஊர். 1908-ம் ஆண்டு ஜனவரி மாதம் அங்கே தொழிலாளர்களுக்காக ஒரு மாலை வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் ஆர்.எச்.டானி. ஆக்ஸ்போர்டில் படித்தவர், கல்கத்தாவில் பிறந்தவர். மாணவர்கள் யார்? பாத்திரத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள்! பகல் முழுவதும் உழைத்துவிட்டு, மாலையில் வந்து உட்கார்ந்தார்கள்.

இத்தகைய வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம். ஒரு மணி நேரம் விவாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து படிக்க வேண்டும். களிமண் பிடித்த கை பேனா பிடித்தது. படித்தவர்களுக்குப் பட்டம் கிடையாது; சம்பள உயர்வும் கிடையாது. ஆனாலும் வந்தார்கள். தங்கள் கூலி ஏன் இவ்வளவு, தங்கள் ஊர் ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ள வந்தார்கள்.

அந்த வட்டாரத்திலேயே பிறகு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. கீல் என்ற இடத்தில் 1949-ல் நிறுவப்பட்டு, 1950-ல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் முதல் தலைவர் ஏ.டி.லின்சே. ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்தவர். தொழிலாளர் கல்வியில் மிகுந்த அக்கறை உள்ளவர்.

கீலில் ஆனர்ஸ் நான்கு ஆண்டு. முதல் ஆண்டு எல்லோருக்கும் பொது ஆண்டு. இலக்கியம் படிக்க வந்தவர் விஞ்ஞானமும் கேட்க வேண்டும். விஞ்ஞானம் படிக்க வந்தவர் சரித்திரமும் கேட்க வேண்டும். பிறகுதான் சிறப்புப் பாடம். நாளடைவில் அந்தப் பொது ஆண்டு சுருங்கி, மூன்று ஆண்டுப் படிப்பே வழக்கமாகிவிட்டது. நல்ல கல்விக்குக் காலமும் வேண்டும், ஆசிரியரும் வேண்டும், பணமும் வேண்டும். அதை யாரும் மறைக்கக் கூடாது.

பரீட்சை வைக்க அந்நியர்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் என்ற கல்லூரி இருக்கிறது. அதன் தலைவராக வந்த பிராங்க் அய்டலாட் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1922-ல் அவர் தம் கல்லூரியில் ஆனர்ஸ் முறையைத் தொடங்கினார்.

அதில் ஒரு புதுமை. பாடம் சொல்லும் ஆசிரியர் பரீட்சை வைப்பதில்லை. வெளியிலிருந்து வரும் பேராசிரியர்களே பரீட்சை வைக்கிறார்கள். எழுத்துப் பரீட்சையோடு, நேரில் உட்கார வைத்து வாய்மொழியாகவும் கேள்வி கேட்கிறார்கள்.

இதனால் என்ன நன்மை? ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதி மார்க் வாங்க முடியாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள்; இருவரும் சேர்ந்து வெளியாரைச் சந்திக்கத் தயாராகிறார்கள். பல பாடம் படித்தவனுக்கு உண்மையில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

பெற்றோர் கேட்க வேண்டியது

இப்போது 49 நாள் பிரதமரின் கதைக்கு மறுபடியும் வரலாம். அந்தத் தோல்விக்குப் படிப்பு மட்டும் காரணம் என்றால், அதே படிப்பைப் படித்த மற்றவர்களின் வெற்றிக்கும் படிப்பு மட்டும் காரணம் என்று சொல்ல வேண்டும். இரண்டும் சரியல்ல. ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. வாரம் ஒரு புது விஷயம் என்று ஓடுகிறவனுக்கு, தெரியாததையும் தெரிந்தது போலப் பேசும் சாமர்த்தியம் வந்துவிடலாம். அதைத் தடுக்க ஒரே வழி, அவன் எழுதுவதை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, "இது தவறு" என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான்.

பல பாடம் சேர்ந்த படிப்பு, மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு போல. முறுக்கினால்தான் கயிறு; முறுக்காவிட்டால் வெறும் நார்.

பிள்ளையோ பெண்ணோ இப்படி ஒரு படிப்பில் சேர வேண்டும் என்று கேட்டால், "அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று அப்பா கேட்பார். கேட்பது தவறு அல்ல. வீட்டுச் செலவும் கடனும் அவருக்குத்தானே தெரியும்! ஆனால் அந்தக் கேள்வியோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கல்லூரியில் கேட்க வேண்டும்.

வகுப்பில் எத்தனை மாணவர்கள்? என் பிள்ளை எழுதும் கட்டுரையை யார் படித்துத் திருத்துவார்? பரீட்சை வைப்பது யார்?

இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், தைரியமாகச் சேர்க்கலாம். பதில் வராமல், பாடங்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் நீட்டினால், அது பலசரக்குக் கடைச் சீட்டுதான். நான்காவது ஆண்டு என்பது வீட்டுக்கு ஓர் ஆண்டுச் செலவு. அந்தப் பணத்துக்குப் பட்டியல் போதாது. பாடுபடும் ஆசிரியர் வேண்டும்.

லாங்டன் தொழிலாளிகளுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதியதைப் படிக்க ஓர் ஆசிரியர் கிடைத்தார். பட்டம் கொடுக்கும் கல்லூரிகள் அந்த ஆசிரியரையும் கொடுக்கட்டும்!