கம்பர் சமாதியும் பல்கலைக்கழக மேடையும்

சிவகங்கையை ஒட்டிய நாட்டரசன்கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணாத்தாளைத் தேடி வருகிறவர்கள். அந்தக் கண்ணுடைய நாயகியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே ஊரில்தான் கம்பர் சமாதி இருக்கிறது. தேரழுந்தூரில் பிறந்தவர், சோழ மன்னனோடு மனம் கசந்து தெற்கே வந்து இங்கே கண்மூடினார் என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். குழந்தைக்கு நல்ல வாக்கு வரவேண்டும் என்று அந்த இடத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கும் வழக்கமும் உண்டு.

அந்தச் சமாதிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிறையவே உண்டு.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கினார். ரசிகமணி டி.கே.சி. தலைமை வகித்தார். கம்பராமாயணம் அரங்கேறியதாக மரபு சொல்லும் நாள் பங்குனி அத்தம். விழாவின் முதல் நாட்கள் காரைக்குடியில் நடக்கும். அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் சமாதிக்கு முன்னால் நிறைவு பெறும். கணேசன் பட்டம் பெற்ற பேராசிரியர் அல்லர், சுதந்திரப் போராட்டக்காரர். தமக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் கம்பன் அடிப்பொடி. குறித்த நேரத்துக்கு விழா தொடங்கிவிடும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பைச் செட்டிநாட்டில் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கேட்க வருகிறவரின் நேரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

பல்கலைக்கழகம் அறிவை ஊருக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று உலகெங்கும் பேசுகிறார்கள். செட்டிநாட்டில் ஊர் முந்திக்கொண்டது. 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919இல் பாரதியார் அங்கே வந்தார், சங்கத்தைப் பாடினார். 1939இல் கம்பன் விழாவை நடத்தும் கம்பன் கழகம் வந்தது. அழகப்பா கல்லூரி 1947இல்தான் வந்தது, அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல். பல்கலைக்கழகம் பிறந்தபோது அதற்கு முன்பே 46 ஆண்டு பழகிய ஒரு சபை அதே ஊரில் உட்கார்ந்திருந்தது.

அந்த அழகப்பா கல்லூரியே ஒரு பொதுமேடையில் பிறந்ததுதான். 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அங்கேயே அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்புகள் தொடங்கின. அந்தப் பேச்சு பூட்டிய அறைக்குள் துறைத் தலைவர்களுக்கு மட்டும் நடந்திருந்தால் காரைக்குடியின் கதை வேறாக இருந்திருக்கும்.

பொதுமேடையின் இன்னொரு பெருமை, அது மாற்றுக் கருத்தைத் தாங்கும் என்பது. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்று வாதாடினார் அண்ணா. சென்னைச் சட்டக் கல்லூரியில் அவரை எதிர்த்துப் பேசியவர் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். கம்பனைக் காக்க வந்த பேராசிரியர் மாணவர் நிறைந்த மண்டபத்தில் நின்று, எதிராளி எடுத்துக் காட்டிய பாட்டுக்குப் பாட்டெடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. யார் வென்றார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அந்த விவாதத்துக்குப் பிறகு கம்பனை இரு தரப்பும் முன்னைவிடக் கூர்ந்து படித்தன. காரைக்குடி மேடையும் கதவைச் சாத்தவில்லை. பொதுவுடைமைக்காரர் ஜீவா அதில் கம்பனைப் பேசினார். பட்டிமன்றத்தை மக்கள் கலையாக வளர்த்த குன்றக்குடி அடிகளாரின் குரலும் அந்த மேடையில் ஒலித்தது. கம்பனில் தோய்ந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவரானார். அந்த மரபு கடல் தாண்டி இலங்கைக்கும் போனது.

இன்று பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு நடக்காத வாரம் இல்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, ஒரு மணி நேரம் வரவேற்புரை, கட்டுரை வாசிக்க ஐந்து நிமிடம், மதியச் சாப்பாடு, சான்றிதழ். கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் பேச்சாளர்கள். பக்கத்துத் தெருக்காரருக்குச் செய்தியே தெரியாது. பதவி உயர்வுக்கான புள்ளிகளும் தர மதிப்பீட்டுக் கோப்பும் நிரம்புகின்றன. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கல்விக்கு இது அநியாயம் என்றே சொல்வேன். மக்களுக்கு இலக்கியமும் வரலாறும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள், பங்குனி வெக்கையில் பாய் விரித்து உட்கார்ந்து கம்பனைக் கேட்ட சனத்தை மறந்துவிட்டார்கள்.

ஊர்மேடைக்கும் குறை உண்டு. கைதட்டலுக்காகப் பேசும் பழக்கம் வந்துவிட்டது. கேள்வி கேட்க இடம் குறைவு. பல்கலைக்கழகம் உதவ வேண்டிய இடம் இதுதான். கம்பர் ஒன்பதாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா? அரங்கேற்றத்தைச் சக ஆண்டு 807இல் வைக்கும் தனிப்பாடலை எவ்வளவு நம்பலாம்? நாட்டரசன்கோட்டைச் சமாதிக்கு ஊர் வாய்மொழி தவிர வேறு சான்று உண்டா? இவற்றை அந்த ஊர் மக்கள் முன்னாலேயே, அவர்கள் பக்தியை மதித்து, மழுப்பாமல் பேச வேண்டும். அவர்கள் தாங்குவார்கள். 1943இன் கூட்டங்களே தாங்கின.

அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் செட்டிநாட்டுக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவையாவது வளாகத்தை விட்டு வெளியே, நாட்டரசன்கோட்டையில், மாலை நேரத்தில் வையுங்கள். பேசுகிறவர் ஒருவர் போதும். அவருக்கு முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள், கேள்விக்கு இன்னொரு மணி கொடுங்கள். பேச்சை அச்சிட்டு மலிவு விலையில் விற்பனைக்கு வையுங்கள். அழைப்பிதழை முதலில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் டீக்கடைக்கும் அனுப்புங்கள், துறைகளுக்குப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.