அம்மாவுக்கு மட்டும் தெரிந்தவை



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். தீபாவளிக்கு என்ன வாங்குவது என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவே இன்னொரு பேச்சையும் எடுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பக்கம்.

2015 டிசம்பர் 1 இரவு. நாங்கள் சைதாப்பேட்டையில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்தும் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அடையாறு பொங்கி வருகிறது என்று தெருவில் சத்தம் கேட்டு, வாசலையே பார்த்தபடி நின்றோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறையில் தண்ணீர் வெளியேறும் துளையிலிருந்து குபுகுபுவென்று மேலே வந்தது. கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு.

அடுத்த அரை மணி நேரம் என்ன செய்தோம் தெரியுமா? டிவியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தோம். பீரோவின் அடித்தட்டிலிருந்த பட்டுப்புடவைகளை மேல்தட்டுக்கு மாற்றினோம். அரிசி டிரம்மை இழுத்துப் பார்த்தோம். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதும் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனோம். விடிந்து எட்டிப் பார்த்தால் கட்டிலே மிதந்துகொண்டிருந்தது. டிவி தண்ணீருக்குள் கிடந்தது.

டிவி போகட்டும். அப்பாவின் மூக்குக்கண்ணாடி கீழேயே தங்கிவிட்டது. மாத்திரை டப்பாவும்தான். அவருக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. மாடி வீட்டு அக்கா தன் மாமனாருடைய மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன மாத்திரைப்பா?” என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, “வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல சின்னதா ஒண்ணு” என்றார். எனக்கும் அதற்குமேல் தெரியாது. தெரிந்தவர் அம்மா. அவர் அன்று திருச்சியில் தங்கை வீட்டில் இருந்தார். செல்போனில் சிக்னல் இல்லை. மூன்று நாள், மாத்திரையும் இல்லாமல் கண்ணாடியும் இல்லாமல், அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து “தண்ணி எறங்கிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பட்டா எந்த டிரங்குப் பெட்டியில், ரேஷன் அட்டை எந்த அலமாரியில், சின்னவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மெயின் சுவிட்ச் எது என்பதெல்லாம் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் வீட்டில் இல்லாத இரவில் மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே வழி தெரியாமல் நிற்கிறோம். ஆகவே, அவர் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்து ஒரு பையில் போடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தோளில் மாட்டுகிற பையாக இருக்கட்டும். தண்ணீரில் நடக்கும்போது ஒரு கை கைப்பிடிச் சுவருக்கு வேண்டும், இன்னொரு கை குழந்தைக்கோ பெரியவருக்கோ வேண்டும். முதலில் மருந்து. ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்கான மாத்திரை, கூடவே மருந்துச் சீட்டின் நகல். மாதாமாதம் புது மாத்திரை வாங்கும்போது பையில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, புதிதை அதில் வைத்துவிட்டால் காலாவதி ஆகாது. இன்சுலின் போடுகிறவர் இருந்தால், மின்சாரம் போன நாட்களில் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் அதை நனையாமல் வைத்துக் காக்கலாம். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், அது இந்தப் பைக்குள் போகட்டும். டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், விசில், நாப்கின், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, தண்ணீர், கடலைமிட்டாய். பத்தும் இருபதும் நூறுமாகக் கொஞ்சம் ரொக்கம். ஏடிஎம்மும் செல்போனும் முடங்கிய நாட்களில் பால் பாக்கெட் வாங்கச் சில்லறை நோட்டுதான் கைகொடுத்தது.

முக்கியமான ஐந்து போன் எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதில் ஒன்று வெளியூர் உறவினருடையதாக இருக்கட்டும். பிரிந்து போனவர்கள் எல்லோரும் அவரிடம் தகவல் சொல்லலாம்.

பத்திரங்களைப் பற்றி எல்லோருக்கும் பயம் உண்டு. அதை எடுக்கத் திரும்ப உள்ளே போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து போகாதீர்கள். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு, தொலைந்த ஆவணங்களுக்கு மாற்று வழங்க அரசு சிறப்பு முகாம்களே நடத்தியது. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அரசின் டிஜிலாக்கர் செயலியில் சேர்த்துவிடலாம். ஆனால் செல்போன் அணைந்துவிட்டால் டிஜிலாக்கரும் இல்லை. அதனால் எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து, தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பையில் வையுங்கள். இன்னொரு கட்டு வெளியூரில் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும்.

இதையெல்லாம் முன்கூட்டியே, ஒரு பகல் பொழுதில் செய்துவிடுங்கள். அதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு வெள்ளம் வந்தது இரவில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாள் கணக்கில் 95 சென்டிமீட்டர் பதிவானபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பலர் இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறக்கப்பட்டதும் பொழுது விடியும் முன்புதான். இருட்டில் பீரோ சாவியைத் தேட முடியாது.

மின்சாரத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள் மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும், அதுவும் தரை காய்ந்திருக்கும்போதே. தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக் கூடாது. சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

தீ என்றால் கணக்கே வேறு. பையும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்குங்கள், வெளியே வந்து 101-ஐ அழையுங்கள். கேஸ் வாடை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது. சிறு பொறி போதும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குச் சொல்லுங்கள். பேரிடர் உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த எண்களைச் சமையலறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் வீட்டுப் பை இப்போது வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அம்மா சொல்லச் சொல்ல என் மகள் எழுதிய இரண்டு பக்கத் தாள் அதில் இருக்கிறது. அந்தத் தாளை எழுத அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதுமாக இருந்தது.

நீங்களும் வருகிற ஞாயிறன்று உட்காருங்கள். உங்கள் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் தாத்தா பாட்டி யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு பை தயார்செய்து கொடுங்கள். நான் சொல்லாமல் விட்டதும், உங்கள் பையில் நீங்கள் சேர்த்ததுமான பொருள் ஏதேனும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்