ஓடுகிற கணினிக்கு ஓய்வு கொடுப்பது யார்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் அவை வழக்கம்போல் கடிதம் தட்டச்சு செய்தன, அச்சிட்டன, ரயில் பயணச்சீட்டு எடுத்தன. நின்றுபோனது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்.

திருத்தம் வராவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்ற தீநிரல் திருத்தம் இடப்படாத விண்டோஸ் கணினிகளைத் தேடித் தேடித் தாக்கியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. பல இடங்களில் அதை யாரும் நிறுவியிருக்கவில்லை. ஆகவே, ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைப்பதற்குச் சமம்.

அப்படியானால் விண்டோஸ் 11-க்கு மாறிவிட வேண்டியதுதானே? 2021 அக்டோபரில் வெளியான அந்த இயங்குதளம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். எளிமையாகச் சொன்னால், 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முன் விற்பனைக்கு வந்த பெரும்பாலான கணினிகளுக்கு அனுமதி இல்லை. நான் பணியில் இருந்தபோது 2016-இல் வாங்கிய மடிக்கணினி ஆறாம் தலைமுறைச் செயலியில் இயங்குவது. அதில் பழுது எதுவும் இல்லை. குறுக்கு வழிகளில் புதிய தளத்தை ஏற்றிவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள்; ஆனால், தகுதியற்ற கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று நிறுவனமே கூறிவிட்டது.

இந்தச் சூழலைப் புரிந்துகொள்ள, வகுப்பில் நான் பல ஆண்டுகள் நடத்திய ஒரு பாடம் உதவுகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு கோஸ் 1972-இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் ஏகபோக நிறுவனத்துக்குப் பெரிய போட்டியாளர் யார்? அது நேற்று விற்ற அதே பொருள்தான். வாங்கியவரிடம் அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அவர் மறுபடி கடைக்கு வர மாட்டார். மேசை, இரும்புப் பெட்டி போன்றவற்றின் ஆயுளைத் தயாரிப்பாளரால் தொலைவிலிருந்து முடித்துவைக்க இயலாது. மென்பொருளோ தேய்வதே இல்லை. ஆனால், அதன் பாதுகாப்பான ஆயுள் எந்த நாளில் முடியும் என்பதை விற்றவரே நாள்காட்டியில் குறித்துவிட முடிகிறது. கோஸ் கண்ட சிக்கலுக்கு அவர் எண்ணிப் பார்த்திராத தீர்வு இது.

நிறுவனத்தின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலையில். பத்தாண்டு ஆதரவு என்பது குறைவானதல்ல. பல கைப்பேசி நிறுவனங்கள் அதில் பாதிகூடத் தந்ததில்லை. பழைய செயலிகளையும் சேர்த்துப் பாதுகாப்பது செலவு மிக்கது. மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்கள் வேண்டுவோர் 30 டாலர் செலுத்தலாம் அல்லது கணினி அமைப்புகளை நிறுவனத்தின் கணக்குடன் இணைத்துக் கட்டணமின்றிப் பெறலாம் என்றும் அறிவித்தார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்களுக்கோ, அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பிய பிறகு, அமைப்புகளை இணைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டில் அப்படியொரு குரல் பெரிதாக எழவில்லை.

ஆனால், கணக்கில் வராத ஒரு செலவு இருக்கிறது. இந்த மாற்றத்தால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கானலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. மதிப்பீடு மிகையாகவே இருக்கட்டும். பாதி என்றாலும் 12 கோடி. 2022-இல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. மீதியில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதை நம் நகரங்களின் ஓரங்களில் செம்புக் கம்பிக்காக மின்வடங்களை எரிக்கும் புகையில் காணலாம்.

இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை விரிவாகவே வரையறுக்கின்றன. எந்த உற்பத்தியாளர்? கருவியைத் தயாரித்துத் தம் பெயரில் விற்பவர். நல்ல கருவியைப் பயனற்றதாக்கும் முடிவை எடுக்கும் மென்பொருள் நிறுவனம் அந்த வரையறைக்குள் வருவதில்லை. முடிவு ஒருவருடையது, கழிவு வேறொருவருடையது. புறவிளைவு என்ற கருத்தை மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல், ஒரு கைப்பேசி மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்தாண்டுகளுக்கு அதன் இயங்குதளத்துக்கான புதுப்பிப்புகள் தரப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. மடிக்கணினிகளுக்கு அங்கும் அது இல்லை.

கட்டுரை எழுதுவதோடு நிற்காமல் மாற்று வழியைச் சோதித்தும் பார்க்கலாமே என்று தோன்றியது. லினக்ஸ் மின்ட் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் 22-ஆம் பதிப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். 2024 ஏப்ரலில் வெளியான உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. சுமார் 3 ஜிபி அளவுள்ள கோப்பைத் தரவிறக்கி, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் எதையும் தொடாமல் புதிய இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கும் இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். வாங்கும் முன் அணிந்து பார்க்க அனுமதிக்கும் துணிக்கடை போல.

முதல் நாள் வைஃபை கிடைக்கவில்லை. கைப்பேசியைக் கம்பி வழியாகக் கணினியுடன் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு தேவையான இயக்கி மென்பொருளை இறக்கிய பிறகு கிடைத்தது. இதைச் சொல்லித்தந்தவர் என் பழைய மாணவர். நானாகக் கண்டுபிடித்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். மூன்றாம் நாள் நிரந்தரமாக நிறுவ முனைந்தபோது ஒரு பிழை செய்தேன். பழைய தளத்தின் அருகிலேயே நிறுவலாம் என்ற தெரிவை விட்டுவிட்டு, வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவை அழுத்திவிட்டேன். திரை எச்சரித்தது; முனைவர் பட்டம் பெற்றவர்கள் எச்சரிக்கைகளைப் படிப்பதில்லை. விரிவுரைக் குறிப்புகளை முன்கூட்டியே வேறொரு வட்டில் படியெடுத்து வைத்திருந்தேன். குடும்ப ஒளிப்படங்களை வைக்கவில்லை. அந்தக் கோப்புறையைப் பற்றி என் மனைவி இன்றும் பேசுகிறார்.

நிறுவி முடிந்ததும் கணினி முன்பைவிட விரைவாகவே தொடங்கியது. தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிந்தன. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. ஆனால், அதற்கென ஒரு துணைத் தொகுப்பைத் தேடி நிறுவ வேண்டியிருந்தது. சிக்கல் நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1990-களின் இறுதியில் நான் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளைத் திறந்தேன். 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

குற்றம் இயங்குதளத்தினுடையது அல்ல. யூனிகோட் பரவுவதற்கு முந்தைய காலத்தில், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை அணிவித்துக் காட்டின. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ்; இல்லாத கணினியில் புதிர். எழுத்துருவை ஏற்றியதும் குறிப்புகள் மீண்டன. ஆயினும், நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் இத்தகைய கோப்புகள் எத்தனை உறங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு தொழில்நுட்பத்தில் சிக்கிக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது, நாம் உடனே பன்னாட்டு நிறுவனத்தை நோக்கி விரல் நீட்டுகிறோம். மாறுவதற்கான செலவில் ஒரு பகுதியை நாமே, நம் கோப்புகளுக்குள், முப்பது ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருக்கிறோம்.

என்னைப் போன்ற ஓய்வூதியருக்கு இந்த மாற்றம் எளிது. படிக்கவும் எழுதவும் இணையத்தைப் பார்க்கவும்தான் கணினி. கடை வைத்திருப்பவரின் நிலை வேறு. டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அவருடைய கணக்கரும் அதில்தான் பழகியவர். 'இலவசமாகக் கிடைக்கிறதே, மாறிவிடுங்கள்' என்று அவரிடம் சொல்வது பொருளியல் அறியாத அறிவுரை. கட்டற்ற மென்பொருளுக்கு விலை இல்லை. ஆனால், அதைக் கற்பதற்கு விலை உண்டு. அந்த விலையை யார் தருகிறார் என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

கேரளத்தைப் பாருங்கள். அங்கு அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக லினக்ஸிலேயே நடக்கிறது. பாடநூல் அதற்கேற்ப எழுதப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பை உருவாக்கிப் புதுப்பித்துவருகிறது. கற்பதற்கான விலையை அரசு செலுத்தியது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிச் சாதனை படைத்தது. 2017-இல் நகர மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், அந்த அனுபவத்தை அறிந்தும், 30,000 அரசுக் கணினிகளை மாற்றப் போவதாக 2024-இல் அறிவித்தது. இது ஒரு நாளில் முடியும் வேலையும் அல்ல, முடிந்துவிட்டதென்று விட்டுவிடக்கூடிய வேலையும் அல்ல.

தமிழ்நாட்டின் கதை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நல்ல முடிவு. ஆனால், என் வகுப்புகளுக்கு அந்தக் கணினியுடன் வந்த மாணவர்களிடம் நான் கேட்டபோதெல்லாம், தொடக்கத் திரையில் தோன்றும் இரண்டாவது பெயர் எதற்கென்று தெரியாதவர்களே மிகுதி. யாரும் சொல்லித்தரவில்லை; நானும்தான். அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலுக்குள் வராத காலத்தவை. பல வீடுகளில் அவை தம்பி தங்கைகளுக்குக் கைமாறி இன்னும் பயன்படுகின்றன.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டம் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஒரு சிறிய கணக்கு. ஒரு கணினியின் விலை ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு பயன்பட்டால் ஆண்டுக்கு ரூ.4,000, எட்டாண்டு பயன்பட்டால் ரூ.2,500. ஒரு கணினிக்கு ஆண்டுக்கு ரூ.1,500 வித்தியாசம்; 20 லட்சம் கணினிகளுக்கு ரூ.300 கோடி. கொள்முதல் விலையில் சில நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும் அரசு, இந்த 300 கோடியைப் பற்றி ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி எழுதலாம். செயலியும் நினைவகமும் எவ்வளவு என்று கேட்பதுபோல, இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்றும், அது முடிந்த பிறகு வேறு தளத்தை நிறுவத் தடையேதும் உண்டா என்றும் கேட்கலாம். இவ்வளவு பெரிய வாங்குநர் கேட்டால் விற்பவர் பதில் சொல்லியே தீர வேண்டும்.

மற்றொன்று செலவே இல்லாதது. கல்லூரியில் முதலாண்டில் ஒரு பிற்பகல், பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்கிப் பார்க்கும் பயிற்சியை எல்லாத் துறை மாணவர்களுக்கும் அளிக்கலாம். கோப்புகளைப் படியெடுத்து வைப்பதை முதல் பாடமாக வைத்துக்கொண்டால் நல்லது; ஒளிப்படங்களையும் சேர்த்து.