தட்டினால் தெரியாத காயம்

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்கின்றீர்கள் அல்லவா? கணீரென்றால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல். விமானத்தின் கூட்டுப்பொருள் பாகங்களையும் நெடுங்காலமாக இவ்வாறே சிறு சுத்தியலால் தட்டிச் சோதித்து வந்தனர். இன்றும் அம்முறை கைவிடப்படவில்லை. ஆயினும் அது மட்டும் போதாது என்பதை 2005ஆம் ஆண்டு காட்டிற்று.

அவ்வாண்டு மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு ஓர் ஏர்பஸ் 310 விமானம் புறப்பட்டது. உள்ளே 271 பேர். வானில் திடீரெனப் பேரோசை. விமானம் ஆட்டம் கண்டது. விமானிகள் வரதேரோவுக்கே திரும்பிப் பத்திரமாகத் தரையிறக்கினர். இறங்கிப் பார்த்தால், வாலிலிருந்த சுக்கானின் பெரும்பகுதியைக் காணவில்லை!

அத்தகைய சுக்கானுக்கு அன்று விதிக்கப்பட்டிருந்த சோதனை, கண்ணால் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதுமே. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சரக்கு விமானத்தின் சுக்கானிலும் உட்புறத் தோல், தேன்கூடு போன்ற நடுப்பகுதியிலிருந்து பெயர்ந்திருந்தமை தற்செயலாகத் தெரியவந்தது. வெளித்தோலைத் தட்டினால் உட்தோலின் நோவு எங்ஙனம் விளங்கும்?

கார்பன் இழைத் தாள்களைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது கூட்டுப்பொருள். உலோகத்தில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். இதிலோ மேற்பரப்பு பழையபடி நிமிர்ந்துகொள்ளும். உள்ளே அடுக்குகள் விலகிக் கிடக்கும். ஆகவே, வண்டியை விமானத்தில் மோதிவிட்ட ஊழியர் வாய் திறந்து சொல்வது இங்கே மிக முக்கியம். சொன்னால்தான் சோதிப்பார்கள்.

அச்சோதனைக்கு உதவுவது கேளா ஒலி. நம் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இதற்குப் பயன்படுவதோ பெரும்பாலும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கையில் வயிற்றில் பசை தடவுவது போன்றே இங்கும் பசையோ நீரோ தடவுவர். காரணம், இவ்வொலியால் மெல்லிய காற்று இடைவெளியைக்கூடத் தாண்ட இயலாது. இந்த இயலாமையே நமக்கு வாய்ப்பு! உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அங்கும் காற்றுதானே? ஒலி அதில் மோதித் திரும்பிவிடும்.

3 மில்லிமீட்டர் தகட்டில் ஒலி அடிவரை சென்று மீள ஏறத்தாழ 2 மைக்ரோ வினாடி ஆகும். 1 மைக்ரோ வினாடியிலேயே எதிரொலி வந்துவிட்டால், பாதி ஆழத்தில் பழுது என்று பொருள். எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருளான போயிங் 787 போன்ற விமானங்களை, வண்டி இடித்த இடத்திலேயே சோதிக்கக் கைக்கடக்கமான கருவிகள் வந்துவிட்டன.

தேன்கூட்டு அமைப்பில் ஒலி எளிதில் சிதறிவிடும். ஒருபுறம் செலுத்தி மறுபுறம் வாங்கிப் பார்ப்பதும் உண்டு. எனினும், பசை வலுவிழந்தும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டே நிற்கும் அடுக்குகளை இவ்வொலி தடையின்றிக் கடந்துவிடக்கூடும். ஆய்வாளர்களுக்கு இன்றும் பெரும் தலைவலி அதுதான்.