விளக்கினுள் நீர் புகுந்தால்

சென்ற மார்கழி மாதத்து மாலையொன்றில் நுவரெலியாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். லபுக்கலையைக் கடந்ததும் முகில் வந்து பாதையின்மேற் படிந்துவிட்டது. மணி ஆறுதான், எனினும் தேயிலைச் செடி எங்கே முடிகின்றது, பாதை எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிய இயலாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறம். இறம்பொடையை அணுகும் வளைவொன்றில், மிகக் கிட்டிய தூரத்தில், சிறிய மோட்டார் வண்டியொன்று எனக்கு முன்னே போய்க்கொண்டிருப்பதைத் திடீரெனக் கண்டேன். அதன் இடப்பக்கத்துப் பின்விளக்கு எரியவே இல்லை. வலப்பக்கத்தது எரிந்தது, ஆயினும் செந்நிற மூடியின் உட்புறமெங்கும் நீர்த்துளி அடர்ந்திருந்தமையால் அவ்வொளி சுவரிற் படிந்த வெற்றிலைக் கறைபோல மங்கித் தெரிந்தது. பிறேக்கை மிதித்தேன். ஆண்டவன் அருளால் ஈரப்பாதையிற் சக்கரம் வழுக்கவில்லை.

இறம்பொடைக் கடைத்தெருவில் அவ்வண்டி தேநீருக்காக நின்றது. நானும் நிறுத்தினேன். சாரதி இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞன். தோட்டமொன்றிலிருந்து நோயாளி ஒருவரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வருகிறான். செய்தியைச் சொன்னேன். அவன் குனிந்து முன்புறத்தைப் பார்த்துவிட்டு, “முன் லைட் ரெண்டும் நல்லாத்தானே எரியுது, சேர்?” என்றான்.

அவனைக் குறை கூறுவதற்கில்லை. முன்விளக்கு மங்கினால் ஓட்டுபவனுக்கு உடனே தெரியும். பின்விளக்கு மங்கியதை அறிபவன், பின்னால் வரும் முன்பின் அறியாத ஒருவனே. கடிதம் எழுதிய வாசகர் சிலர், மழைக்காலத்தில் முன்விளக்கினுள் வியர்ப்பதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டிருந்தனர். பின்விளக்கைப்பற்றி ஒருவரேனும் கேட்கவில்லை. 2025 மே 11ஆம் நாள் விடியற்காலையில், இப்பகுதியின் கெரண்டியெல்லவில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. அதனை விளக்கோடு தொடர்புபடுத்தவும் நான் முனையவில்லை. இப்பாதை பிழை பொறுக்காத பாதை என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

இனி, விளக்கினுள் நீர் எவ்வாறு வருகின்றது என்று பார்ப்போம். காற்றில் எப்பொழுதும் நீராவி கலந்துள்ளது. சூடான காற்று மிகுதியான ஆவியைத் தாங்கும். குளிருந்தோறும் அவ்வாற்றல் குறையும். தாங்கவியலாத மிச்சம் அருகிலுள்ள குளிர்ந்த பரப்பில் துளியாகப் படியும். படியத் தொடங்கும் அந்த வெப்பநிலையைப் பாடநூல்கள் பனிபடுநிலை என்னும். நூல் வேண்டாதாரும் இதனை அறிவர். லயத்து வீடுகளில் அரிக்கன் லாம்பு ஏற்றிய காலத்தில், திரியைக் கொளுத்திச் சிமினியை மாட்டியவுடன் கண்ணாடி ஒரு கணம் மங்கும். மண்ணெண்ணெய் எரிவதால் உண்டாகும் நீராவி குளிர்ந்த சிமினியிற் படிவதே அது. சிமினி சூடேறியதும் மங்கல் தானே மறைந்துவிடும்.

மலைநாட்டு வண்டிக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. கம்பளை கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1868 மீற்றர். இவ்வளவு தூரம் ஏறும்போது காற்றமுக்கம் நூற்றுக்கு 15 அளவிற் குறைகின்றது. ஆகவே விளக்கினுள் இருக்கும் காற்றில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு வெளியே வந்தாக வேண்டும். இறங்கும்போது அதேயளவு காற்று உள்ளே சென்றாக வேண்டும். புசல்லாவைக்கும் லபுக்கலைக்கும் இடையே நம் வண்டியின் விளக்குகள் மூச்சு வாங்குகின்றன என்று சொன்னால் அது வெறும் அலங்காரமன்று. அம்மூச்சுக்கென்றே, விளக்கின் பின்புறத்தில் வளைந்த சிறு றப்பர்க் குழாயையோ, மென்சவ்வு ஒட்டிய துளையையோ செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். சவ்வு காற்றையும் ஆவியையும் விடும், நீர்த்துளியை விடாது.

இதனை அறியாமல் நான் செய்த மடமையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய யப்பானிய வண்டியின் முன்விளக்கு வியர்த்தது. நீர் புகும் வழி இதுவே என்று எண்ணி, கண்ணிற்பட்ட துளைகளையெல்லாம் சிலிக்கன் பசையால் அடைத்தேன். முதல் வாரம் வெற்றி. இரண்டாம் வாரம் முன்னைவிட மோசம். உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியற்றுப் போயிற்று. மூச்சுக்கு வழி தேடிய காற்றோ, கண்ணாடியும் உடலும் பொருந்தும் மூட்டைப் பிளந்துகொண்டது; மழைநீரும் அவ்வழியே நுழைந்தது. அதற்கு மேலும் ஒரு கேடு. புளிக்காடி மணம் வீசும் மலிவான சிலிக்கன் பசை, காயும்போது அசற்றிக்கமிலத்தை வெளிவிடும். விளக்கின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பு, மிக மெல்லிய அலுமினியப் பூச்சேயாகும். அமிலம் அதனை அரித்துக் கருக்கிவிடும். அன்று கருகிய ஆடி இன்றும் கருகியே இருக்கிறது.

முற்காலத்தில் இத்தொல்லை குறைவு. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்த முத்திரையிட்ட முன்விளக்கு, கண்ணாடியும் ஆடியும் இழையும் ஒன்றாய் மூடப்பட்ட ஒரு பெரிய மின்குமிழே. அதனுள் வெளிக்காற்று புகாது. பழுதானால் முழுவதையும் கழற்றி எறிய வேண்டியதுதான். இன்று பல வடிவங்களில் வார்க்கப்படும் பிளாஸ்ரிக் விளக்குகள் மூச்சுவிடுபவை. போதாக்குறைக்கு எல்.ஈ.டி. விளக்கு வந்திருக்கிறது. அதன் சூடு பெரும்பாலும் பின்புறமாகச் சென்றுவிடுவதால் முன்புறத்து மூடி போதிய அளவு வெம்மை பெறுவதில்லை. முன்னைய ஹலஜன் குமிழ் அரை மணியில் உலர்த்திய ஈரத்தை இது நெடுநேரம் வைத்திருக்கும். பழைய விளக்குக்குப் புதிய எல்.ஈ.டி. குமிழை மாட்டுவோர், பின்புற றப்பர் மூடி இடம் கொடாமையால் அதனை வெட்டியோ கழற்றியோ விட்டுவிடுகின்றனர். அந்த வழியாக உள்ளே போகும் நீருக்கு எந்த விஞ்ஞானமும் பரிகாரமாகாது.

ஆகவே, முதலில் அறிய வேண்டியது ஒன்றே: உள்ளே இருப்பது வெறும் வியர்வையா, புகுந்த மழையா? இதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். கம்பளையின் வெப்பநிலை 28 பாகை செல்சியசு, காற்று தாங்கக்கூடியதில் நூற்றுக்கு 80 பங்கு ஆவி என்று கொள்வோம். ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் ஆவி இருக்கும். அக்காற்று 15 பாகைக்குக் குளிர்ந்தால் 13 கிராமையே தாங்கும். மிச்சம் 9 கிராம். முன்விளக்கின் கொள்ளளவு 10 லீற்றர் எனின், படியும் நீர் ஒரு கிராமில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. அதாவது இரண்டே துளி! இரண்டு துளி நீர் கண்ணாடி முழுவதையும் மெல்லிய புகைபோல மூடிவிடும். ஆனால் வழிந்து ஓடாது, அடியில் தேங்காது. ஆகையால், மெல்லிய புகை படிந்திருந்து, விளக்கெரியச் சிறிது தூரம் ஓடியபின் குறையுமாயின், அஞ்ச வேண்டியதில்லை. துளிகள் பெருத்து வழிந்தாலோ, அடியில் நீர் தேங்கிக் குலுங்கினாலோ, நாட்கணக்கில் மறையாதிருந்தாலோ, எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது என்பது திண்ணம். ஒரு பக்கத்து விளக்கு மட்டும் வியர்த்து மற்றது தெளிவாயிருப்பதும் பெரும்பாலும் அதற்கே சான்று.

வியர்த்த முன்விளக்கால் விளையும் தீங்கு ஒளி குறைவது மட்டுமன்று. ஒவ்வொரு துளியும் ஒரு சிறு வில்லையாகி ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். பாதையில் விழவேண்டியதன் ஒரு பகுதி மேலே தெறித்து எதிரில் வருவோன் கண்ணைக் கூசச்செய்யும். முகிலுள்ள இடத்தில் நம் கண்ணுக்கே வெண்திரையாய்த் திரும்பி வரும்.

உலர்த்துவதற்குத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தாலே போதும். கொழுந்து வாட்டும் தட்டுகளில் ஈர நாட்களிற் சூடான காற்றை அனுப்புகிறார்கள். சூட்டை மட்டும் கொடுத்துக் கதவை மூடிவிடுவதில்லை. ஆவியைச் சுமந்து செல்லக் காற்று ஓட வேண்டும். விளக்குக்கும் அவ்வாறே. மழையற்ற நாளில் பின்புற மூடியையும் குமிழையும் கழற்றிவிட்டு, தலைமயிர் உலர்த்தும் மின்கருவியால் மிதமான சூட்டில், சற்று எட்ட நின்று காற்றைச் செலுத்துக. வெயிலிருந்தால் வெயிலே நன்று. விறகடுப்பின் அருகே விளக்கைச் சாத்தி வைத்தவர்களை அறிவேன். பிளாஸ்ரிக் நெளிந்து போனபின் புதிது வாங்கினார்கள். உள்ளே துணியை விட்டுத் துடைக்கவும் கூடாது. ஆடியின் பூச்சு துணியோடு வந்துவிடும். புதிய சப்பாத்துப் பெட்டிகளில் இருக்கும் சிலிக்கா ஜெல் பொதிகளை உள்ளே இடுவோரும் உளர். சிறிது காலம் ஈரத்தை உறிஞ்சும், நிறைந்ததும் பயனில்லை, குமிழின் பக்கம் உருண்டு சென்றால் தீமையும் உண்டு. அதனை மருந்தென்று கொள்ள வேண்டாம்.

உலர்ந்தபின் வழியைத் தேடுக. மூச்சுக்குழாய் சேற்றாலோ சிலந்திக் கூட்டாலோ அடைபட்டிருந்தால் அதனை நீக்குக. றப்பர் மூடி தன் இடத்திற் சரியாக இருக்கின்றதா, வெடித்திருக்கின்றதா என்று பார்க்க. மூட்டில் வெடிப்பிருந்தால், பழைய பசையை இளக்கித் திறந்து புதிதிட அறிந்தவர் கையில் கொடுப்பதே தக்கது. 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், நம் பாதைகளில் வயதேறிய வண்டிகளே மிகுதி. புதிய விளக்கின் விலையோ சொல்லுந்தரமன்று. உள்ளதைத் திருத்திக்கொள்வதே நம் போன்றோர்க்கு இயல்வது. அதிக அமுக்கத்தோடு நீரைப் பீய்ச்சி வண்டி கழுவுமிடங்களில், விளக்கின் விளிம்பை நோக்கிப் பீய்ச்ச வேண்டாமென்று சொல்லத் தயங்காதீர்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய விளக்கின் மீது குளிர்நீர் பட்டால் உட்காற்று சுருங்கும். சுருங்கும்போது வெடிப்பின் வழியே நீரை உறிஞ்சும்.

பின்விளக்குக்கு மீண்டும் வருகிறேன். அதன் குமிழ் சிறிது. அதன் சூடும் சிறிது. தானே உலர்வது அரிது. அதனை வண்டியின் உடலோடு பொருத்தும் நுரை றப்பர் காலப்போக்கில் தட்டையாகிவிடும். ஈரம் குமிழ் மாட்டும் கிண்ணத்துக்குச் சென்று பித்தளையிற் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்யும். அதன்பின் குமிழ் நன்றாயிருந்தும் எரியாது. குண்டும் குழியுமான இடத்தில் ஒரு கணம் எரிந்து மறுகணம் அணையும். 225 மீற்றர் நீளமான இறம்பொடைச் சுரங்கப்பாதையுள் வெளிச்சத்திலிருந்து நுழைபவனுக்கு, முன்னே செல்லும் வண்டியைக் காட்டுவது அச்செவ்வொளியே.

அவ்விளைஞன் மறுநாட் காலை என் வீட்டுக்கு வந்தான். டிக்கியின் உட்புறமிருந்து மூன்று நட்டுகளைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்தோம். கவிழ்த்தபோது அரைக் குவளை நீர் கொட்டிற்று. மூன்றில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது; நுரை றப்பர் அவ்விடத்தில் கடதாசிபோல் மெலிந்திருந்தது. களிம்பை மெல்லிய அரத்தாளாற் சுரண்டினோம். விளக்கை வெயிலில் வைத்துவிட்டு, புதிய நுரைப்பட்டி வெட்டி ஒட்டினோம். நட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல், ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக மூன்று சுற்றில் இறுக்கினோம். ஒரு பக்கம் மட்டும் முறுகினால் மறுபக்கம் வாய் திறக்கும். செலவு ஒரு வேளைத் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் தொகையே.

“தனியா இருக்கிறப்போ பின் லைட் எரியுதான்னு எப்படிப் பார்க்கிறது, சேர்?” என்று கேட்டான். மாலையில் வண்டியைப் பின்புறமாகச் சுவரருகே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். ஆசனத்தில் இருந்தபடியே பிறேக்கை மிதித்துக் கண்ணாடியிற் பார்த்தான். சுவரில் இரண்டு செவ்வட்டங்கள் ஒத்த அளவில் விழுந்திருந்தன.